ஒரு கிலோ கொழுக்கட்டை

கொழுக்கட்டை ஒரு கிலோ வாங்கிவந்தேன் என்றதும்
பிள்ளைகள் தட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.
சாக்கைப் பிரித்தேன்.
பூனை மயிர் போல ஏதோ பறந்தது.
சின்னவள் தும்மினாள்.
"இதுவா?" என்றாள் பெரியவள்.
இதுதான். புல். கொழுக்கட்டைப் புல்.

"கேப்பர் மலைச் சரிவில்
யாரையும் கேட்காமல் வளர்கிறதே,
அதற்கா காசு கொடுத்தாய்?"
என் கொழுந்தன் கொளஞ்சி கேட்டான்.
அதற்கப்புறம் கேட்காத ஆள் பாக்கியில்லை.

முப்பது சென்ட் செம்மண்.
அதில் இருபத்திரண்டு முந்திரி நின்றது.
மார்கழியில் வந்த புயலுக்குத் தானே என்று பெயர்.
எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டுத்
தானே போய்விட்டது.
வேர்கள் வானம் பார்த்துக் கிடந்தன.
ஒன்பது ஆடுகள்
நாள்பூராவும் என்னையே பார்த்தன.

விதை விற்றவர் விருத்தாசலத்துக்காரர்.
சொல்லி அனுப்பினார்:
பார் பிடி, பாருக்குப் பார் ஒரு முழம் விடு.
நகம் மூடுகிற ஆழம் போதும், புதைத்துவிடாதே.
காற்றில் பறக்கும், ஈர மணலில் பிசறிக்கொள்.
தண்ணீர் தேங்கினால் கோபித்துக்கொள்ளும்.
தண்ணீரே இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும்.
என்னைப் பற்றி யாரோ
அவரிடம் சொல்லிவிட்டதுபோல் இருந்தது.

ஐப்பசியில் பாதிச் சாக்கை விதைத்தேன்.
மழை சொன்ன நாளில் வந்தது.
கோரை வந்தது, நெருஞ்சி வந்தது, துத்தி, பார்த்தீனியம்,
அழைக்காத சொந்தமெல்லாம் வந்தது.
கொழுக்கட்டை வரவில்லை.

போன் போட்டேன்.
"புது விதைம்மா, தூங்கும்.
ஆறு மாசம், எட்டு மாசம்."
"தூங்குகிற விதைக்கு
முழித்திருக்கிற காசை ஏன் வாங்கினீர்?"
அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
மீதிச் சாக்கைக் கொட்டகை மூங்கிலில் கட்டினேன்.
மறந்துபோனேன் என்று சொல்லமாட்டேன்.
பார்க்கும்போதெல்லாம் திட்டினேன்.

நிவாரணப் பணத்துக்கு
மஞ்சக்குப்பம் ஆபீசுக்குப் பதினோரு நடை.
கோப்பு மேலே இருக்கிறது என்பார்கள்.
அண்ணாந்து பார்ப்பேன்.
மின்விசிறிதான் இருக்கும்.

அடுத்த ஆடி.
ராத்திரி இடியோடு ஒரு மழை.
மறுவாரம் பார்மேல் பச்சையாய்
ஊசி ஊசியாய் என்னவோ.
களை என்று பிடுங்கக் குனிந்தவள்
அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
ஒரே கோட்டில் முளைக்கக் களைக்குத் தெரியாது.

தானே முளைத்தது.
அந்தச் சொல்லை
அன்றைக்குத்தான் திட்டாமல் சொன்னேன்.
சாக்கை அவிழ்த்து மீதியையும் விதைத்தேன்.
கொளஞ்சி பார் பிடித்துக் கொடுத்தான்,
வாயைத் திறக்காமல்.

எழுபத்தைந்தாம் நாள் முதல் அறுப்பு.
நரிவால் போலக் கதிர், ஊதா ஏறிய பழுப்பு.
முள்ளென்றும் சொல்ல முடியாது, பஞ்சென்றும் முடியாது,
புடவைக் கரையைப் பிடித்துக்கொண்டால்
வீடுவரைக்கும் வரும், வீட்டைத் தாண்டியும் வரும்.
வேர் ஆள் உயரம் இறங்குமாம்.
நான் தோண்டிப் பார்க்கவில்லை.
இந்த மண்ணில் வேர்களை நான் பார்த்தது போதும்.

அரிவாளைத் தரையோடு வைக்கக் கூடாது.
ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும்.
அடுத்த அறுப்பு அந்தச் சாணில்தான் இருக்கிறது.
பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன்.
சின்னவள் ஸ்கேல் வைத்து அளக்கிறாள்.
கறுப்பி இரட்டைக் குட்டி போட்டாள்.
இந்த முறை இரண்டும் எழுந்து நின்றன.

பன்னிரண்டாம் நடை போனேன்.
கோப்பு இன்னும் மேலேதான்.
இறங்கும்போது பார்க்கிறேன்,
கடைசிப் படிக்கும் சுவருக்கும் நடுவில் விரிசல்,
அதில் ஒரு தூர், இரண்டு நரிவால்.
எந்த நடையில்
எந்தப் புடவையிலிருந்து உதிர்ந்ததோ.

"பிடுங்கிட்டுப் போம்மா,
குப்பையா இருக்கு" என்றார் வாட்ச்மேன்.
கையால் ஒடித்துப்
பையில் போட்டுக்கொண்டேன்,
ஆடுகளுக்கு,
ஒரு சாண் விட்டு.